எசனில் நான் ஏற்கெனவே பல் டொக்டர்

உயிரியல் துறையில் நான் படித்த பாடங்களில் ஒன்றின் பெயர் உயிர்ப்பௌதிகச் செய்முறை. கண்ணாடி வில்லை, மின்சுற்று, மெல்லிய குழாய்க்குள் திரவம் ஓடும் வேகம் என்று ஒரு செமஸ்டர் முழுக்கக் கையால் செய்து பார்த்த பாடம். அது பௌதிகமா, உயிரியலா? நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். ஆனால் பல் மருத்துவத்துக்கு மாறுவதற்காக என் பாடங்களைத் தரம் பிரித்த அலுவலகத்தால் அப்படிப் பெருந்தன்மையாக இருக்க முடியாது. பௌதிகம் என்றால் நான் உள்ளே. உயிரியல் என்றால் வெளியே. என் இருபதுகளின் தொடக்கம் முழுவதும் இந்த ஒரு கேள்வியின் வாசலில் நின்றே கழிந்தது.

ஜெர்மனியில் பல் மருத்துவம் படிக்க அபிட்டூர் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சையில் ஈவிரக்கமில்லாத புள்ளிகள் வேண்டும். என்னுடையவை நல்ல புள்ளிகள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இனிப்புக் கொடுக்கலாம். பல் மருத்துவத்துக்குப் போதாது. ஆனால் முன்கதவு பூட்டியிருந்தாலும் பக்கத்தில் சின்னக் கதவொன்று இருக்கிறது. பல் மருத்துவ மாணவர்கள் முதல் செமஸ்டரில் படிக்கும் அடிப்படைப் பாடங்களை வேறொரு துறையில் இருந்துகொண்டே படித்து முடிக்கலாம். அவை அவற்றுக்குச் சமம்தான் என்று அரசு அலுவலகம் ஒன்று ஒப்புக்கொண்டால், யாராவது படிப்பை நடுவில் விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். யாராவது போகவேண்டும் என்று காத்திருப்பது நல்ல குணமில்லை. ஆனாலும் காத்திருந்தேன்.

அந்த அலுவலகம் பாடத்தின் பெயரைப் பார்த்து ஏமாறுவதில்லை. யார் நடத்தினார், எத்தனை மணி நேரம், கையால் ஏதாவது செய்தாயா இல்லை உட்கார்ந்து கேட்டாயா, முடிவில் பரீட்சை இருந்ததா என்று பார்க்கும். பிறகு ஒவ்வொன்றையும் தூக்கிப் பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்ற மூன்றில் ஒன்றுக்குள் போடும். மூன்றில் எதிலும் விழாத பாடத்துக்கு மதிப்பே இல்லை. மூன்றும் நிறைந்தால்தான் கதவு திறக்கும்.

இதை அப்பாவுக்கு நான் விளங்கப்படுத்தினேன். நன்றாகத்தான் விளங்கப்படுத்தினேன் என்று இன்றைக்கும் சாதிப்பேன். பிழை என்னிடத்திலும் இல்லை, அப்பாவின் காதிலும் இல்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புப் படித்தவர். அங்கே ஒரு பிள்ளை உயர்தரத்தில் 'பயோ' எடுத்தாலே வீட்டில் அதைப் பாதி டொக்டராக நடத்தத் தொடங்கிவிடுவார்கள். பயோ என்பது அங்கே ஒரு பாடமில்லை, ஒரு வரிசை. முன்னால் நிற்பவருக்கு மருத்துவம், அவருக்கு அடுத்து நிற்பவருக்குப் பல் மருத்துவம். எனவே கிழக்கு ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கிடைத்திருக்கிறது, அதிலிருந்து பல் மருத்துவத்துக்கு மாறப் பார்க்கிறேன் என்று நான் சொன்னபோது, அப்பாவின் தலைக்குள் அது தானாகவே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டது. முதலில் பயோ, பிறகு பல். ஒரே படிப்பின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும். அந்த அலுவலகம் செய்த வேலையைத்தான் அப்பாவும் செய்தார். அலுவலகத்துக்கு ஒரு வருடம் தேவைப்பட்டது. அப்பாவுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் போதுமாக இருந்தது.

"மகள் ஹாலேயில சான்மெடிசின். இப்ப பயோப் பகுதி போகுது" என்று, பல் மருத்துவத்துக்கு ஜெர்மன்காரர் சொல்லும் பெயரையே போட்டு, எங்கள் வீடு இருக்கும் எசன் நகரத்தில் எல்லோருக்கும் சொன்னார். கொஞ்ச நாளில் இரண்டாவது வசனம் கழன்று விழுந்துவிட்டது.

அதன் பலனை நான் ஒரு சாமத்திய வீட்டில், ஒரு பிள்ளையின் பூப்பு நீராட்டு விழாவில், அனுபவித்தேன். எசனில் எங்களவர்கள் வழக்கமாக எடுக்கும் மண்டபம். கேக் இன்னும் வெட்டவில்லை. நான் ரோல்ஸ் தட்டோடு ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தேன். அம்மாவோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும் அன்ரி சேலை சரசரக்க வந்து பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"பிள்ளை, இந்தக் கடைவாய்ப் பல்லு ஒரு கிழமையா இழுத்து இழுத்து நோகுது. ஒருக்கா பாரும்."

"அன்ரி, நான் இன்னும் அதுக்கு வரேல்ல."

"வந்தது காணும். வாயைப் பாக்கிறதுக்கு என்ன பாஸ் பண்ண வேணும்?"

ஆவென்று திறந்துவிட்டார். ஒரு சபையில் பெரிய மனுசி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கும்போது, நான் உண்மையில் தாவரங்களின் இலை நரம்புகளைப் படம் கீறிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கைத்தொலைபேசியின் விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தங்கம், கொஞ்சம் ரோல்ஸ். "உப்புத் தண்ணியால கொப்பளியுங்கோ அன்ரி. திங்கட்கிழமை கட்டாயம் டொக்டரிட்டப் போங்கோ" என்றேன். அவர் திங்கட்கிழமை எங்கும் போகவில்லை. உப்புத் தண்ணியிலேயே நோவு போய்விட்டது. அதோடு எசனில் என் கைராசி நிலைநாட்டப்பட்டது. அடுத்த கொண்டாட்டத்தில் எனக்கு முன்னால் வாய்கள் வரிசையில் நின்றன.

அன்றைக்குக் காரில் திரும்பும்போது அப்பாவோடு சண்டை பிடித்தேன்.

"அப்பா, நான் சான்மெடிசின் படிக்கேல்ல."

"தெரியும். படிக்கத்தானே போறாய்?"

"கிடைக்காட்டில்?"

அப்பா பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார். "கிடைக்கும். நான் சொல்லிப்போட்டன்" என்றார். தான் சொன்னதைக் கேட்டுத்தான் ஜெர்மன் அரசாங்கம் நடக்கும் என்பதுபோல இருந்தது அந்தக் குரல். அதற்குப் பிறகு நான் எசனுக்குப் போவதைக் குறைத்தேன். குறைத்துக் குறைத்து, ஒரு கட்டத்தில் போகவே இல்லை.

ஹாலேயில் என் அறை நகரத்தின் மேற்குப் பக்கம், பழைய அடுக்குமாடி ஒன்றில். என்னோடு வீட்டைப் பகிர்ந்த இரண்டு ஜெர்மன் பெண்களும் வெள்ளிக்கிழமை அழுக்குத் துணியோடு தாய்வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மடித்த துணியோடும் கேக்கோடும் திரும்பி வருவார்கள். எனக்கும் ஒரு துண்டு வைப்பார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் வெள்ளி பின்னேரத்திலிருந்து ஞாயிறு பின்னேரம் வரை அந்த வீட்டில் என் குரல் மட்டும்தான். அதையும் நான் பாவிக்காவிட்டால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் பூட்டு. பால் வாங்கும் சாட்டில்கூட ஒரு மனிதரோடு கதைக்க வழியில்லை. ஆற்றங்கரைக்கு நடந்துபோய், குடும்பம் குடும்பமாக வருகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். ஒருநாள் அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைப் பார்த்து "இன்னும் வேகேல்லையோ நீ?" என்று சத்தமாகக் கேட்டேன். அந்தக் கிழமை என் வாயிலிருந்து வந்த முதல் தமிழ் அதுதான் என்று பிறகுதான் உறைத்தது.

ஹாலேயில் தமிழே இல்லை என்று சொல்லக்கூடாது. இங்குள்ள ஒரு பழைய காப்பகத்தில், பழைய காலத்துப் பாதிரிமார் கப்பலில் அனுப்பிய தமிழ்க் கடிதங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஊரார் அதைப் பெருமையாக எனக்குச் சொல்வார்கள். எனக்கு வேண்டியிருந்தது, சாப்பிட்டியா என்று கேட்கிற தமிழ்.

அதைக் கேட்க அம்மா இருந்தார், தொலைபேசியில். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். அம்மாவின் பக்கத்தில் யாராவது இருந்தால் அவர் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் என்ன ஒளிக்கிறாய் என்பார்கள். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அம்மா எடுத்தவுடனேயே "ஓம், கிளினிக் எப்பிடிப் போகுது?" என்று கேட்டால், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நான் "நல்லாப் போகுதம்மா, சரியான வேலை" என்பேன். பிறகு காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவோம். முதலில் இது எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது. எனக்கு நாடகம் வரும். வேண்டுமென்றே "இண்டைக்கு ஒரு ஞானப்பல்லு, விடவேமாட்டன் எண்டு நிண்டது" என்று கூட்டிச் சொல்வேன். அந்தப் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்பது கேட்கும்.

ஒருநாள் அம்மா கிளினிக்கைக் கேட்டார். நான் வழக்கம்போல அளந்துவிட்டேன். வைக்கும்போது, "ஆரம்மா வந்து நிக்கினம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லையே. அப்பாவும் வேலைக்குப் போயிட்டார். ஏன்?"

சும்மா கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தான் கேட்டது என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. அவருக்கு அது பழகிவிட்டது. அன்று வைத்த பிறகு எனக்கு அம்மாவின் மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. உண்மையில் நான் யார், என்ன படிக்கிறேன், எதற்குக் காத்திருக்கிறேன் என்று எங்களவர்களில் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் குறைந்துவிட்டார்.

நான் படித்தது ஹாலேயில் என்றாலும், என் பாடங்களைத் தரம் பிரிப்பது நான் பிறந்த மாநிலத்து அலுவலகம். அப்படித்தான் விதி. நான் எசனில் பிறந்தவள் என்பதால் அலுவலகம் அந்தப் பக்கம், டுசெல்டோர்ஃபில். எல்லாவற்றையும் தபாலில் அனுப்பினாலே போதும். ஆனால் நேரில் போய் முகத்தைக் காட்டினால் இரக்கம் வரும் என்ற நம்பிக்கை எங்களவர்களின் இரத்தத்தில் ஊறியது. நானும் சந்திப்புக்கு நேரம் கேட்டு எழுதினேன். ஒரு வெள்ளிக்கிழமை வரச்சொன்னார்கள். அம்மாவிடம் சொல்லியிருந்தால் கையில் ஒரு பெட்டி பயற்றம் பணியாரமும் தந்துவிட்டிருப்பார்.

அங்கே என்னைப் பார்த்தவர் நட்பான பெண். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். என் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். இரசாயனம், செய்முறையோடு. அது இரசாயனத்துக்குள் போனது. விலங்கியல் செய்முறை உயிரியலுக்குள் போனது. தாவரங்களை இனங்காணுதல் எதற்குள்ளும் போகவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்தது முள்ளந்தண்டு விலங்குகளின் தாடையும் பல்லும். அந்தப் பாடத்துக்காக ஒரு கோடைகாலம் முழுக்க எலியின் முன்பல்லையும் ஓநாயின் வேட்டைப்பல்லையும் குதிரையின் கடைவாய்ப்பல்லையும் கையில் வைத்து உருட்டியிருக்கிறேன். அவர் "சுவாரசியமான பாடம்" என்று சொல்லி, அதையும் ஓரமாக வைத்தார். ஏற்கெனவே உயிரியல் நிறைந்துவிட்டது. பல்லைப் பற்றி நான் படித்த ஒரே பாடம் பல் மருத்துவத்துக்குத் தேவையில்லை. சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரிந்துதான் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு உயிர்ப்பௌதிகம்.

"இதை நடத்தியது எந்தத் துறை?" என்று கேட்டார்.

"உயிரியல் துறை. ஆனால் செய்த பரிசோதனைகள் எல்லாம் பௌதிகம்."

"சான்றிதழ் உயிரியல் துறையுடையது. இப்படிப் பார்த்தால் உங்களிடம் உயிரியல் தேவைக்கு மேல் இருக்கிறது, பௌதிகம் இல்லை."

ஒரு வழியும் அவரே சொன்னார். பல் மருத்துவ மாணவர்களுக்குப் பௌதிகச் செய்முறை நடத்தும் பேராசிரியர் யாராவது, இது எங்கள் பாடத்துக்குச் சமம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் பௌதிகத்துக்குள் போடலாம். அவரில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் திரும்பிவரும் பயணம் இலேசாக இருந்திருக்கும்.

திரும்பும் ரயில் எசனில் நிற்கும். வீடு அங்கிருந்து கொஞ்சத் தூரம்தான். அம்மா வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, அடுப்பில் ஏதாவது வைத்திருப்பார். ஆனால் மறுநாள் தெரிந்தவர் வீட்டுக் கலியாணம். நான் வந்தால் போகாமல் இருக்க முடியாது. போனால் வாய்கள் திறக்கும். ரயில் வேகம் குறைந்தபோது எழுந்து பையை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனேன். கதவு திறந்தது. இறங்கியவர்கள் இறங்கினார்கள், ஏறியவர்கள் என்னை இடித்துக்கொண்டு ஏறினார்கள். இறங்கப் போகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தேன். டோட்முண்ட் வரும்வரை அழுதேன். பிறந்த ஊரில் இறங்க முடியாமல் போனதற்கு அழுதேனா, பௌதிகத்துக்கு அழுதேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் இன்னொரு செய்தி வந்தது. உப்புத் தண்ணி அன்ரியின் மகளுக்குப் பல் மருத்துவம் கிடைத்திருக்கிறது. முன்கதவால். அபிட்டூரில் எடுக்கக்கூடிய மிக நல்ல புள்ளிகளை எடுத்த பிள்ளை. கிடைத்த இடம், வேறெங்கே, ஹாலே.

அம்மா அழைத்தார். "அவள் அங்க வாறாள். புது இடம், தனியப் பிள்ளை. நீ ஒருக்கா போய்ப் பாக்க வேணும்" என்று தொடங்கியவர் தானாகவே நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "இல்லை, நீ பாக்கக்கூடாது. என்ன செய்யப் போறாய்?"

என்ன செய்வது? ஒளிந்தேன். அந்தப் பிள்ளை எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள்: அக்கா, நீங்கள் எந்தக் கட்டடத்தில் இருப்பீர்கள், ஒருநாள் சந்திப்போமா? மூன்றாம் வருடத்தில் தலைதூக்க நேரமில்லை என்று பதில் போட்டேன். பல் மருத்துவக் கட்டடம் இருந்த தெருவையே விட்டுவிட்டுச் சுற்றிப் போகத் தொடங்கினேன்.

ஒருநாள் சந்தைச் சதுக்கத்து ட்ராம் தரிப்பிடத்தில் அவளைக் கண்டேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் ஒட்டும் பெரிய உருளைத் தூணுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டேன். "ஓம் அம்மா, சாப்பிட்டன். இல்லை, குளிரேல்ல. தொப்பி போட்டிருக்கிறன். ஓம், ஓம், வாற கிழமை வாறன்." அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஊரில், தெருவில், காற்றில் நான் கேட்ட முதல் தமிழ் அது. என் ட்ராம் வந்தது. நான் ஏறவில்லை. அவள் கதைத்து முடியும்வரை அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு நின்று கேட்டேன். போய் அவளின் தோளில் கைவைத்து, வா, என் அறையில் புட்டும் சம்பலும் செய்து தருகிறேன் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஹாலேயில் என்னோடு தமிழில் கதைக்கக்கூடிய ஒரே ஒரு ஆள். அவளைக் கண்டால் நான் ஓடவேண்டும்.

பல் மருத்துவ மாணவர்களுக்குப் பௌதிகம் நடத்தும் பேராசிரியரிடம் போனபோது குளிர்காலம் நன்றாகப் பிடித்துவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. என்னென்ன பரிசோதனைகள் செய்தாய் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வில்லை சரி. சுற்று சரி. திரவம் சரி. "கதிர்வீச்சு?" என்றார். இல்லை என்றேன். "எக்ஸ்-கதிர் தெரியாத பல் மருத்துவரா?" என்றார். பகிடியா, கோபமா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. செமஸ்டர் முடிவில், வருத்தம், காய்ச்சல் என்று வராதவர்களும் முதல்முறை பிழைவிட்டவர்களும் தவறவிட்டதைச் செய்ய ஒரு நாள் ஒதுக்குவார்களாம். அன்றைக்கு வந்து கதிர்வீச்சுப் பரிசோதனைகளைச் செய்து முடித்தால் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார்.

அந்த நாளில் அந்தக் கூடத்துக்குள் வெள்ளை அங்கியோடு போனேன். முதலில் வாசலில் நின்று, உள்ளே அன்ரியின் மகள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டேன். இல்லை. அவள் எதையும் தவறவிடுகிற பிள்ளை இல்லை. என்னோடு சேர்ந்து செய்தவன் தடிமனோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ எதனால் தவறவிட்டாய்?" என்று கேட்டான்.

"நான் இன்னும் தொடங்கவே இல்லை" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஈயத் தகட்டை ஒவ்வொன்றாக வைத்து, கதிர் எவ்வளவு குறைகிறது என்று அளந்தோம். அந்த ஒரு பின்னேரம் நான் பல் மருத்துவ மாணவி. முடிந்ததும் எல்லோரும் கூட்டமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். வருகிறாயா என்று அவன் கேட்டான். எந்த செமஸ்டர், எந்தக் குழு என்று அங்கே கேட்பார்கள் என்று நினைத்து, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அப்போது எல்லோரிடமும் நான் சொன்ன பதில் அதுதான்.

கையெழுத்து வந்தது. உயிர்ப்பௌதிகம் ஒருவழியாகப் பௌதிகமானது. மூன்றும் நிறைந்துவிட்டன. ஹாலேயில் இரண்டாம் செமஸ்டரில் யாரோ ஒருவர் படிப்பை விட்டுவிட்டுப் போக, வசந்தகாலத்தில் அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

செய்தி வந்தபோது நான் அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில் துணி தோய்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை. தொலைபேசியில் வாசித்துவிட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து, இயந்திரம் பழுதாகிவிட்டதா என்று கேட்டான். இல்லை, எனக்குப் பல் மருத்துவம் கிடைத்துவிட்டது என்றேன். "ஓ, நல்லது" என்றான். தன் துணியை எப்போது போடலாம் என்று கேட்டான்.

மேலே ஓடிவந்து வீட்டுக்கு அழைத்தேன். அம்மா எடுத்தவுடன் "ஓம், கிளினிக்" என்று தொடங்க, நான் குறுக்கிட்டுச் சொன்னேன்: "அம்மா, கிடைச்சிட்டுது. உண்மையா. சான்மெடிசின். உண்மையாக் கிடைச்சிட்டுது."

அம்மா "பிள்ளையாரே" என்று அழத் தொடங்கினார். அப்பா தொலைபேசியை வாங்கினார். மூச்சு வாங்கியது அவருக்கு. "நான் சொன்னனான் எல்லோ?" என்றார். பிறகு, "எத்தினையாம் செமஸ்டர்?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"அவளும் இப்ப ரெண்டுக்குத்தானே வாறாள்" என்றார் அப்பா. அன்ரியின் மகளைச் சொன்னார். "ஒரே வகுப்பிலயோ?"

"ஓம்."

"இஞ்ச எல்லாரின்ர கணக்கிலயும் நீ மூண்டாம் வருஷம்."

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. உண்மையான இடம் கிடைத்துவிட்டால் பொய் தானாகக் கரைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இன்னும் சில நாட்களில் அந்தப் பிள்ளை வகுப்பில் திரும்பிப் பார்ப்பாள், நான் உட்கார்ந்திருப்பேன். அன்று பின்னேரமே எசன் முழுக்கத் தெரிந்துவிடும்.

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோவன்" என்றேன்.

அப்பா தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். அம்மாதான் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார். "உண்மையைச் சொன்னா அப்பா பேந்து ஒரு சபையிலயும் தலை நிமித்தேலாது, பிள்ளை. இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் பொய்யோ எண்டு கேப்பினம். நீ பெயில் விட்டு, திரும்ப ரெண்டாம் செமஸ்டரிலயிருந்து படிக்கிறாய் எண்டு சொன்னா கொஞ்ச நாளையில மறந்துபோடுவினம். எத்தினை பிள்ளையள் பெயில் விடுதுகள்."

"பெயிலோ? அம்மா, எனக்குக் கிடைச்சிருக்கு!"

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அது காணாதோ?"

காணாது என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் மண்டபத்தில் சாப்பாட்டுத் தட்டோடு அப்பா நிற்க, சுற்றி நிற்பவர்கள் கதையை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கும் காட்சி கண்முன்னால் வந்துவிட்டது. நான் ஒரு நாளைக்கு வெல்லத்தான் போகிறேன் என்று என்னைவிடவும் உறுதியாக நம்பிய மனுசன். "சரி, சொல்லுங்கோ" என்றேன். அந்தச் சனிக்கிழமை காலை ஹாலேயில் எனக்கு இடம் கிடைத்தது. மத்தியானத்துக்குள் எசனில் நான் பெயில்.

ஞாயிற்றுக்கிழமை அன்ரி அழைத்தார். அவர் எனக்கு நேராக அழைத்ததே அதுதான் முதல்முறை.

"பிள்ளை, அம்மா எல்லாம் சொன்னவ. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். உதெல்லாம் ஒரு பெரிய விசயமே? திரும்ப முதலிலயிருந்து வாறதுக்கும் ஒரு தைரியம் வேணும்."

"ஓம் அன்ரி."

"பௌதிகம்தான் உமக்குக் கஷ்டமாம் எண்டு அம்மா சொன்னவ. என்ர மகள் அதில கெட்டிக்காரி. அவளிட்டக் கேட்டுப் படியும். சின்னப் பிள்ளையிட்டக் கேக்கிறதோ எண்டு வெக்கப்படாதையும். அவளுக்கும் அங்க ஒருத்தரும் இல்லை. தனிய இருந்து அழுகிறாள் பிள்ளை."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அழுதேன். கட்டிலில், எனக்குப் பக்கத்தில், இடம் கிடைத்த கடிதம் அச்செடுத்தபடி கிடந்தது. அன்ரி பதறிப்போனார். அழாதையும் பிள்ளை, அழாதையும் என்றார். எனக்கு இடம் கிடைத்ததற்காக ஒருவர் எடுத்த ஒரே அழைப்பு அது.

"அடுத்தமுறை கட்டாயம் பாஸ் பண்ணுவீர்" என்றார்.

"ஓம் அன்ரி" என்றேன்.